மதுரை பெருங்குடி ஏர்போர்ட்ல இருந்து தனியா கிளம்பும் அம்மாவுக்கு உதவி வேணும்

அண்ணன்மாரே, அக்காமாரே, வணக்கம். உசிலம்பட்டியில இருந்து அம்மா (வயசு 68) முதல் தடவையா தனியா, மதுரை-சென்னை-சிங்கப்பூர் போறாங்க. முழங்கால்ல உலோக மூட்டு, இன்சுலினும் உண்டு.

இதுவரை ஏற்பாடு இதுதான். வீல்சேர் 48 மணி நேரத்துக்கு முன்னாலேயே ஏர்லைன்ஸ்ல சொல்லியாச்சு. இன்சுலின் கைப்பையில, டாக்டர் சீட்டோட. லக்கேஜ்ல போட்டா குளிர்ல உறைஞ்சு வீணாகிடும். பவர் பேங்கும் கைப்பையிலதான். 20,000 எம்ஏஎச்னா சுமார் 74 வாட் அவர், 100-க்குள்ள இருக்கறதால பிரச்சினை இல்லை. ஆனா மேல அச்சடிச்ச எண் அழிஞ்சிருந்தா செக்யூரிட்டியில எடுத்து வச்சிருவாங்க, அதனால எழுத்து தெளிவா இருக்கறதாப் பார்த்து வச்சிருக்கேன்.

மாங்கா ஊறுகாய், நெய் ரெண்டும் லக்கேஜ்ல. டப்பா வாய்க்கு பிளாஸ்டிக் தாள் வச்சு மூடி, டேப் சுத்தி, ரெண்டு கவர். கொப்பரை வேண்டாம்னு எடுத்துட்டேன். எண்ணெய்ச் சத்தால தானா சூடேறி தீப்பிடிக்கும்னு அதைத் தடை பண்ணியிருக்காங்க.

தெரிய வேண்டியது:

ரெண்டு விமானமும் ஒரே டிக்கெட். மதுரையில போடுற லக்கேஜ் நேரா சிங்கப்பூர் போயிடுமா, சென்னையில எடுத்து மறுபடி போடணுமா? சமீபத்துல போனவங்க சொல்லுங்க.

மூட்டுக்கு மெட்டல் டிடெக்டர் கத்தும், அப்புறம் கையால தடவிப் பார்ப்பாங்க. உட்கார்ந்தபடியே பார்ப்பாங்களா? அம்மாவால ரொம்ப நேரம் நிக்க முடியாது. இதுதான் பெரிய கவலை.

சென்னையில உள்நாட்டு முனையத்துல இருந்து சர்வதேச முனையம் வரை வீல்சேர் உதவியாளர் கூடவே வருவாரா?