கரப்பந்தாட்ட வீரர்களின் தோள் வலி: எத்தகைய மேற்பயிற்சியைத் தெரிவு செய்வது?

கேள்வி: வெள்ளவத்தை இயன்மருத்துவர்

அனைவருக்கும் வணக்கம். கொழும்பிலுள்ள ஒரு சிகிச்சை நிலையத்தில் நான்கு ஆண்டுகளாக இயன்மருத்துவராகப் பணியாற்றுகிறேன். பாடசாலைக் கரப்பந்தாட்டப் போட்டிகள் தொடங்கிவிட்டால் தோள் வலியோடு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கை கூடிவிடும். இடையிடையே ஈட்டி எறிபவர்களும் நீச்சல் வீரர்களும் வருவார்கள். வலியைத் தணித்து, இறப்பர் பட்டியால், தோள் மூட்டைச் சூழ்ந்து கையைச் சுழற்றும் சுழற்றுத் தசைகளுக்குப் பயிற்சி கொடுத்து, தோளின் பின்பகுதியை இளக்கி அனுப்புகிறேன். இரண்டு மூன்று வாரங்களில் வலி நின்றுவிடுகிறது. ஆனால் களத்துக்குத் திரும்பி முழு வேகத்தில் பந்தை அறையத் தொடங்கிய சில நாட்களிலேயே அதே பிள்ளை அதே வலியோடு வந்து நிற்கும்போது, நான் கற்றதில் ஏதோ ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது என்பது எனக்கு விளங்குகிறது.

இதற்காக மேற்பயிற்சி பெற விரும்புகிறேன். நான் பார்த்த இணையவழிப் பயிற்சிநெறிகள் பெரும்பாலும் அமெரிக்க பேஸ்போல் வீரர்களை வைத்தே அமைந்துள்ளன. நேரடிப் பட்டறைக்கு வெளிநாடு செல்வதாயின் பல மாதச் சம்பளத்தைச் செலவிட வேண்டும். எவற்றைப் பார்த்துத் தெரிவு செய்யலாம்?

பதில் 1: பொரளையிலிருந்து, விளையாட்டுக் காயங்களில் நீண்டகாலம் பணியாற்றும் இயன்மருத்துவர்

நண்பரே, பேஸ்போல் என்பதற்காக அவற்றை ஒதுக்கிவிட வேண்டாம். எறியும் தோளைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி அந்த விளையாட்டிலிருந்துதான் வந்தது. ஆயினும், அங்கே கற்றதை அப்படியே இங்கே பொருத்தவும் முடியாது. பேஸ்போல் வீரர் ஒரு காலைத் தரையில் ஊன்றி எறிகிறார். கரப்பந்தாட்டத் தாக்குநரோ தரைத் தொடர்பில்லாமல், அந்தரத்தில் உடலை முறுக்கிப் பந்தை அறைகிறார்.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது, வருபவர்கள் எல்லோருக்கும் தோளின் பின்பகுதியை இளக்குகிறீர்கள் என்பதே. அதற்கு முன் அளந்தீர்களா? வீரரை மல்லாக்கப் படுக்கவைத்து, கையைப் பக்கவாட்டில் 90 பாகைக்கு உயர்த்தி, தோள்பட்டை எலும்பு அசையாதபடி பிடித்துக்கொண்டு, உட்சுழற்சியையும் (முன்கை கால் பக்கம் சாய்வது) வெளிச்சுழற்சியையும் (தலைப் பக்கம் சாய்வது) இரு கைகளிலும் கோணமானியால் அளந்து கூட்டிப் பாருங்கள். இடக்கையில் வெளிச்சுழற்சி 90, உட்சுழற்சி 60 பாகை; எறியும் வலக்கையில் 105, 45 என்று வைத்துக்கொள்வோம். உட்சுழற்சி 15 பாகை குறைந்திருந்தாலும் இரண்டிலும் கூட்டுத்தொகை 150தான். பிறக்கும்போது பின்னோக்கி முறுகியிருக்கும் மேற்கை எலும்பு வளர வளர நிமிர்ந்துவரும். சிறு வயதிலிருந்தே எறிந்து பழகியவர்களில் அந்த நிமிர்வு குறைந்துவிடுவதால், வெளிச்சுழற்சி கூடி உட்சுழற்சி குறைகிறது. எலும்பின் அமைப்பால் வந்த இந்த வேறுபாட்டை இழுத்துச் சரிசெய்ய முடியாது. முயன்றால், தேவையான இறுக்கத்தையும் கெடுத்துவிடுவோம். வலக்கையின் கூட்டுத்தொகை 130 ஆகக் குறைந்திருந்தால் அது வேறு கதை. அங்கே தசை, மூட்டுறை போன்ற மென்திசுக்களின் இறுக்கத்தைத் தேடுவது நியாயம்.

ஆகவே, பயிற்சியாளர் உங்கள் கையைப் பிடித்து இந்த அளவீட்டைத் திருத்துவாரா என்பதை முதலில் கேளுங்கள். பிறகு, தோளோடு பாடம் முடிந்துவிடுகிறதா என்று பாருங்கள். டெனிஸ் சேர்விஸ் பற்றிய, அமெரிக்க விளையாட்டு மருத்துவர் பென் கிப்ளரின் கணிப்பின்படி, இயக்க ஆற்றலில் ஏறத்தாழப் பாதி கால்களிலும் இடுப்பிலும் உடற்பகுதியிலும் பிறக்கிறது. அங்கே குறைவதைத் தோள் ஈடுசெய்ய வேண்டியிருக்கிறது. மூன்றாவதாக, களத்துக்குத் திரும்பும் கட்டத்தில் அறைதல்களின் எண்ணிக்கையையும் வேகத்தையும் படிப்படியாக உயர்த்தும் திட்டத்தை வகுக்கக் கற்பிக்க வேண்டும். உங்களுக்கு விடுபட்ட பகுதி இதுவே என்று நம்புகிறேன்.

பதில் 2: கொட்டாஞ்சேனை கரப்பந்தாட்டப் பயிற்றுநர்

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். பயிற்றுநராக ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளை ஒருவனுக்குத் தோள்பட்டையின் பின்புறம் குழி விழுந்திருந்தது. வலி இல்லாததால் எவரும் கவனிக்கவில்லை. தசைக்குச் செல்லும் நரம்பு அழுத்தப்பட்டதால் அவ்வாறாகும் என்றும், கரப்பந்தாட்டத்தில் இது நன்கு அறியப்பட்டது என்றும் பின்னரே தெரிந்துகொண்டோம். நீங்கள் தெரிவு செய்யும் பயிற்சிநெறியில் இது இருக்கட்டும். மேலாடையின்றி முதுகைப் பார்க்காமல் எந்தப் பையனையும் அனுப்பிவிடாதீர்கள்.

பதில் 3: வெள்ளவத்தை இயன்மருத்துவர்

ஐயா, இந்த வாரம் மூவரை அளந்தேன். இருவருக்கு இரு கைகளின் கூட்டுத்தொகையும் ஏறக்குறைய ஒன்றே. மாதக்கணக்கில் அவர்களுக்கு இழுப்புப் பயிற்சி கொடுத்திருக்கிறேன் என்பது வருத்தமளிக்கிறது. அவர்களில் ஒருவரை ஒற்றைக் காலில் குந்தி எழச் சொன்னபோது இடுப்பு ஒரு பக்கம் சரிந்தது. கொட்டாஞ்சேனை நண்பரே, ஒரு பயிற்சி நாளில் ஒரு தாக்குநர் எத்தனை தடவை அறைகிறார் என்ற கணக்கு உங்களிடம் இருக்கிறதா? திட்டத்தை எங்கிருந்து தொடங்குவது என்பதற்கு அது தேவைப்படுகிறது.

பதில் 4: கொட்டாஞ்சேனை கரப்பந்தாட்டப் பயிற்றுநர்

இதுவரை எண்ணியதில்லை. சேர்விஸ்களையும் சேர்த்து நாளை முதல் மாற்று வீரர்களைக் கொண்டு எண்ணிப் பதிவு செய்து, இரண்டு வாரங்களில் இங்கே தருகிறேன்.