புதுப்பிப்பு: ஒரு நாள் பின்னால் போன தேதி

கோத்தகிரியில் அக்கா நடத்தும் ஹோம்ஸ்டேக்கு நான் செய்த இணையதளத்தில், மே 10 என்று புக் செய்தால் மே 9 என்று பதிவாகிறது எனப் போன வாரம் எழுதியிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

காலண்டரில் தேதியைத் தொட்டதும் ஜாவாஸ்கிரிப்ட் (தளத்தை எழுதிய நிரல்மொழி) அதை நம்மூர் நள்ளிரவு 12 மணியாக எடுத்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்ப நான் போட்டிருந்த டூஐஎஸ்ஓஸ்ட்ரிங் (toISOString, தேதியை எழுத்து வடிவில் தரும் கட்டளை) அதை யுடிசிக்கு, அதாவது உலகப் பொது நேரத்துக்கு, மாற்றிவிடுகிறது. நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருப்பதால், அங்கே அது முந்தைய நாள் மாலை 6.30. இப்போது நேரமே சேர்க்காமல் ஆண்டு, மாதம், நாள் மட்டும் அனுப்புகிறேன் (ஜாவாஸ்கிரிப்டில் மாத எண் 0-இல் தொடங்கும், ஜனவரி என்றால் 0; 1 கூட்ட மறக்காதீர்கள்). சரியாக வருகிறது.

கைக்குழந்தையோடு மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வந்து அறை கிடைக்காமல் நின்ற குடும்பத்திடம் நானே போனில் மன்னிப்புக் கேட்டேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. நேர மண்டலத்தைப் பார்க்கச் சொன்னவருக்கு மனமார்ந்த நன்றி.