1977 விண்டேஜ் போர்ட்: தக்கை உதிராமல் திறப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். சனிக்கிழமை மாலை ஆறு பேர் சேர்ந்து விண்டேஜ் போர்ட் (ஒரே வருட அறுவடையில் செய்த போர்ச்சுகல் இனிப்பு ஒயின்) சுவைக்கப் போகிறோம். 2011, 1994, 1985, 1977 என நாலு பாட்டில். கவலை 1977-ஐப் பற்றித்தான். தக்கையைச் சுற்றி லேசாகக் கசிந்த தடம் தெரிகிறது. ஒயின் மட்டம் கழுத்தின் அடிவரை இருக்கிறது. இத்தனை வருடமும் படுத்தே கிடந்த பாட்டில். எப்படித் திறப்பது? எவ்வளவு நேரம் முன்னால் டிகாண்டரில் (ஒயினைத் தெளிய ஊற்றி வைக்கும் கண்ணாடிக் குடுவை) இறுத்து வைப்பது? சந்திப்பு நண்பர் வீட்டில் என்பதால் கொண்டுபோகவும் வேண்டும்.

பதில் 1

முதல் வேலையா இன்னைக்கே பாட்டிலை நிமிர்த்தி வைங்க. அறுவடைக்குப் பிறகு மரப்பீப்பாயில் இரண்டு வருடம் போல இருந்துட்டு, வடிகட்டாமலே பாட்டிலுக்குப் போற ஒயின் இது. மண்டி முழுக்க உள்ளேயேதான் சேரும். பழைய பாட்டிலில் வெள்ளைப் பெயின்ட் தீற்றல் இருந்தா, அதுதான் மேல்பக்கம். மண்டி அதுக்கு எதிர்ப்பக்கம் படிஞ்சிருக்கும். நிமிர்த்தும்போது மெதுவா.

மட்டம் கழுத்தடியில் இருந்தா இந்த வயசுக்கு நல்ல நிலைதான். கசிவுத் தடத்தை மட்டும் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

பதில் 2

தக்கைக்கு வருகிறேன். பல போர்ட் பாட்டில்களின் கழுத்து நடுவில் சற்றுப் புடைத்திருக்கும். தக்கை அங்கே உப்பிக்கொள்ளும். குறுகிய வாய் வழியாக முழுதாக வர மறுக்கும். திருகாணியைவிட, இரண்டு மெல்லிய தகடுகள் உள்ள எடுப்பான் நல்லது. தகடுகளைத் தக்கைக்கும் கண்ணாடிக்கும் நடுவே மாற்றி மாற்றி இறக்கி, திருகிக்கொண்டே இழுங்கள். தக்கை தளர்ந்திருந்தால் உள்ளே விழப் பார்க்கும், அழுத்தாதீர்கள்.

உதிர்ந்தாலும் ஒயினுக்கு ஒன்றும் ஆகாது. வெந்நீரில் அலசிய, சோப்பு வாசனை இல்லாத மஸ்லின் துணியைப் புனலில் விரித்து இறுத்துங்கள். பாட்டில் கழுத்துக்குப் பின்னால் டார்ச் வெளிச்சம் இருக்கட்டும். மண்டி கழுத்துக்கு வந்ததும் நிறுத்திவிட வேண்டும்; கடைசித் துளி வரை ஆசைப்படக் கூடாது.

பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் கழுத்தைப் பிடித்து, பிறகு ஈரத்துணி வைத்துக் கண்ணாடியோடு துண்டிக்கும் முறையும் உண்டு. அழகான முறை, ஆனால் பழகிய கை வேண்டும்.

பதில் 3

நேரம்: 2011-ஐக் காலையிலேயே இறுத்திடுங்க, அதுக்குக் காற்று நிறைய வேணும். 1977-க்கு ஒன்றிரண்டு மணி நேரம் போதும்.

வரிசையில் பலரும் இளசிலிருந்து பழசுக்குப் போவாங்க. நான் 1977-ஐத்தான் முதலில் வைப்பேன். இருபது சதவீத ஆல்கஹாலும் இனிப்பும் சேர்ந்து நாக்கைச் சீக்கிரம் களைக்க வைக்கும். 2011-இன் டானினுக்கு (துவர்ப்புக்கு) பிறகு பழசின் மென்மை பிடிபடாது. ஒவ்வொரு ஒயினிலும் ஆளுக்கு 50 மில்லி போதும்.

கேட்டவர்

நன்றி. தெளிந்த பாட்டிலை வண்டியில் கொண்டுபோனால் கலங்கிவிடாதா?

பதில் 1

கலங்கும். அதனால வீட்டிலேயே இறுத்திட்டு, பாட்டிலைத் தண்ணீரில் அலசி நல்லா வடியவிட்டு, ஒயினைத் திரும்ப அதிலேயே ஊத்தி, சுத்தமான அடைப்பான் போட்டுக் கொண்டுபோங்க. 1977-க்கு இதைக் கிளம்பும் முன் செஞ்சா போதும். மிஞ்சினா, 2011 சில நாள் தாங்கும். 1977-ஐ அன்னைக்கே முடிச்சிடுங்க.

கேட்டவர்

திறந்தாயிற்று. தக்கை இரண்டு துண்டாக வந்தது, தூள் மஸ்லினில் நின்றுவிட்டது. 1977-ஐ முதலில் வைத்தோம். ஊற்றியதும் ஆல்கஹால் தூக்கலாகத் தெரிந்தது. அரை மணியில் அது அடங்கி, உலர்ந்த அத்திப்பழ வாசம் எழுந்தது. இருவருக்கு 1985 அதைவிடப் பிடித்தது. 2011-இல் பாதி மிச்சம் இருக்கிறது, நாளைக்கும் சுவைத்துப் பார்ப்போம்.