புதுப்பிப்பு: பிளாக் சப்பாத் இரவுக்குப் போய் வந்தாச்சு

சென்னையில் ஒரு உள்ளூர் குழு பிளாக் சப்பாத் என்கிற இங்கிலாந்து ஹெவி மெட்டல் குழுவின் பாட்டுகளை மட்டும் வாசிக்கப் போகுது, தனியா போகலாமா, காதுக்கு ஏதாவது வேணுமா என்று முன்னாடி கேட்டிருந்தேன். போனேன். பஞ்சு போதாது, நுரை அடைப்பான் வாங்கிக்கோ என்றவருக்குக் கோடி நன்றி. என் ஆள், பிளாக் சப்பாத்தின் கிட்டார்காரர் டோனி ஐயோமி 17 வயதில் தொழிற்சாலை விபத்தில் வலது கையின் இரண்டு விரல் நுனிகளை இழந்தவர், இடதுகைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துகிற கையே அதுதான், அப்புறம் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு கம்பிகளைத் தளர்த்தி வாசித்தார். இந்தச் சென்னைக் குழுவும் பிளாக் சப்பாத்தின் 1971 ஆல்பத்தின் பாட்டுகளுக்குக் கிட்டார் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கித்தான் வாசித்தது. அந்தக் கனம் ஹெட்போனில் சத்தியமா கிடைக்காது. பாடகர் சுமார்தான். தனியா போறவங்க தாராளமா போங்க, பக்கத்தில் நின்ற மாமா ஒருத்தர் எல்லா ரிஃபுக்கும் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு) கூடவே தலையாட்டினார்.