லாட்ஜ் ஃபோனை இரவில் இயந்திரம் எடுக்கலாமா?

மூன்றாம்மாடி:
வேலூரில் ஆஸ்பத்திரித் தெருக்களில் ஒன்றில் 28 அறைகள் கொண்ட லாட்ஜ் நடத்துகிறேன். அப்பா காலத்தது. தங்குபவர்களில் பாதிக்கு மேல் வங்காளம், அசாம், வங்கதேசத்திலிருந்து சிகிச்சைக்கு வருகிறவர்கள். மற்றவர்களில் சித்தூர்க்காரர்கள் அதிகம். காட்பாடியில் இறங்குமுன்பே ரயிலிலிருந்து கூப்பிடுவார்கள். அறை காலியா, சமைக்க அடுப்பு உண்டா, லிஃப்ட் இருக்கிறதா என்ற மூன்று கேள்விகள்தான். ஆனால் நான்கு மொழிகளில், விடியற்காலை நான்கு மணிக்கு.

19 ஆண்டுகளாக அந்த ஃபோனை எடுத்தவர் எங்கள் வரவேற்பறை அண்ணன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். வங்காளமும் இந்தியும் தங்க வந்தவர்களிடமே கற்றுக்கொண்டார். வங்காளத்தில் பேசுகிறவர் தண்ணீரை 'ஜொல்' என்றால் கொல்கத்தாப் பக்கம், 'பானி' என்றால் வங்கதேசம், பாஸ்போர்ட் கேட்க வேண்டும் என்று குரலிலேயே பிரித்துவிடுவார். இப்போது கண் அறுவை செய்துகொண்டு, இரவு வேலை வேண்டாம் என்கிறார். நியாயம்தான்.

ஒரு நிறுவனத்தார் வந்து, எண்ணை அமுக்கச் சொல்லாமல் இயல்பான பேச்சையே புரிந்துகொள்ளும் குரல் அமைப்பை மடிக்கணினியில் காட்டினார்கள். அண்ணன் வங்காளத்தில் கேட்டார், அது வங்காளத்தில் பதில் சொன்னது. அசந்துபோய் 11 இரவுகள் வைத்துப் பார்த்தேன்.

சித்தூர்க்காரர் ஒருவர் தெலுங்கில் தொடங்கித் தமிழுக்கு வந்தார். அது தெலுங்கை விட்டு இறங்கவே இல்லை. மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து ஓர் அம்மா 'கால்' முதல் அறை வேண்டும் என்றிருக்கிறார். 'நேற்றைய தேதிக்கு முன்பதிவு இயலாது' என்று மூன்று முறை சொல்லி இணைப்பைத் துண்டித்துவிட்டது. கைபேசி எண்களில் 5 எது, 9 எது என்று அதற்குத் தெரியவில்லை. மடிக்கணினியில் கெட்டிக்காரனாக இருந்தது ஃபோனில் ஏன் இப்படி ஆகிறது? விட்டுவிடலாமா, சரிசெய்ய முடியுமா?

பழைய_எக்ஸ்சேஞ்ச்:
தொலைபேசித் துறையில் 31 ஆண்டுகள் இருந்தவன் சொல்கிறேன். அங்கே கேட்ட காதும் இங்கே கேட்கிற காதும் ஒன்றல்ல. தரைவழி இணைப்பு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியை மட்டுமே கடத்தும். அந்த ஒலியை விநாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக்கி அனுப்பும்; இதற்கென 1972-இல் வந்த ஜி.711 தரம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மடிக்கணினியில் சாதாரணமாக இதைப்போல் இரு மடங்காவது பதிவாகும். 'ஸ', 'ஃப' போன்ற சீறும் ஒலிகளின் பெரும்பகுதி 3,400-க்கு மேலேதான் இருக்கிறது. 'ஃபைவ்', 'நைன்' இரண்டிலும் ஓர ஒலிகள் மங்கிவிட்டால் நடுவில் மிஞ்சுவது ஒரே 'ஐ'. விமானிகள் ஒன்பதை 'நைனர்' என்று நீட்டுவது சும்மாவா?

புதிய 4ஜி அழைப்புகளில் 7,000 ஹெர்ட்ஸ் வரை வரும். ஆனால் உங்கள் லாட்ஜ் எண் தரைவழி என்றால், வழியில் எல்லாம் பழைய குழாய்க்குள் புகுந்துதான் வர வேண்டும். அந்த நிறுவனத்தாரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இதைப் பழக்கியது தொலைபேசிப் பதிவுகளிலா, ஸ்டுடியோப் பதிவுகளிலா? பதில் சொல்லத் தடுமாறினால் காசைத் திரும்பக் கேளுங்கள்.

ஹூக்ளி_மருமகள்:
மால்டா அம்மாவுக்காக என் வயிறு எரிகிறது. வங்காளத்தில் 'கால்' என்றால் நேற்று, நாளை இரண்டும்தான். இந்தியில் 'கல்' என்பதும் அப்படியே. வினைச்சொல்தான் காட்டிக்கொடுக்கும்: 'கால் ஆஷ்போ' என்றால் நாளை வருவேன், 'கால் எஷேச்சி' என்றால் நேற்று வந்தேன். உங்கள் இயந்திரம் தேதிச் சொல்லை மட்டும் பிடுங்கிக்கொண்டு வினையை எறிந்துவிட்டது. அறை கேட்டு லாட்ஜுக்கு ஃபோன் செய்பவர் நேற்றைக்கா கேட்பார்?

இன்னும் இரண்டு பொறிகள் இருக்கின்றன. 'நொய்' என்றால் ஒன்பது. 'அல்ல' என்றும் பொருள். வாடகை பேசும்போது 'தேட் ஹஜார்' என்றால் 1,500, 'ஆடாய் ஹஜார்' என்றால் 2,500. இவற்றைச் சொல்லிச் சோதியுங்கள். அப்புறம், அண்ணனிடம் சொல்லுங்கள்: 'பானி' என்றதும் வங்கதேசம் என்று முடிவு கட்ட வேண்டாம். மேற்கு வங்காளத்து முர்ஷிதாபாத் முஸ்லிம்களும் பானி என்றுதான் சொல்வார்கள்.

எட்டுகிலோஹெர்ட்ஸ்:
இப்படிப்பட்ட குரல் அமைப்பு வேலையில்தான் நானும் இருக்கிறேன். மேலே சொன்னவை சரி. மொழியைக் கண்டுபிடிக்கும் பகுதிக்கு முதல் சில விநாடிப் பேச்சு வேண்டும். நம் மக்கள் கொடுப்பது 'ஹலோ, ஹலோ'. அது நான்கு மொழிக்கும் பொது. வரவேற்பிலேயே 'எந்த ஊரிலிருந்து, என்றைக்கு வருகிறீர்கள்?' என்று கேட்டால் முழு வாக்கியம் கிடைக்கும். மொழியை ஒரு முறை முடிவு செய்து பூட்டிவிடாமல் ஒவ்வொரு பதிலுக்கும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். சித்தூர்ச் சிக்கல் பெருமளவு தீரும். வயதானவர்கள் எண் சொல்லும்போது நடுவில் மூச்சு வாங்குவார்கள், பேசி முடித்துவிட்டார்கள் என்று அது குறுக்கே விழும். எண் கேட்கும் இடத்தில் மட்டும் காத்திருக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டும், வாங்கிய எண்ணைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அழைப்பைப் பதிவு செய்தால் அதை முதலிலேயே அறிவியுங்கள். பேசுகிறவர்கள் நோயைப் பற்றியும் சொல்லிவிடுவார்கள்.

மூன்றாம்மாடி:
எல்லோருக்கும் நன்றி. எக்ஸ்சேஞ்ச் ஐயா, கேட்டேன். ஸ்டுடியோப் பதிவுகள்தானாம். தொலைபேசிப் பதிவுகளில் பழக்கியது வேறு ஒன்று இருக்கிறதாம், அடுத்த மாதம் தருகிறார்களாம். காசை அதுவரை நிறுத்தி வைத்திருக்கிறேன். வரவேற்புக் கேள்வியை மாற்றிவிட்டேன். இரண்டு முறை புரியாவிட்டால் மூன்றாவது முறை என் கைபேசிக்கே அழைப்பு வந்துவிடும். நேற்று இரவு நான்கு முறை எழுந்தேன்.

ஹூக்ளி அக்கா, பானி விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். 'அதனால்தான் ஊர்ப்பெயரையும் கேட்பேன்' என்றார். மால்டா எண்ணுக்கு அவரே கூப்பிட்டுப் பேசினார். அந்த அம்மா வேறு லாட்ஜில் தங்கிவிட்டாராம். அங்கே லிஃப்ட் இல்லையாம், வியாழக்கிழமை இங்கே மாறி வருகிறார்.