பீடோங்கில் வீடு, பாயான் லெப்பாஸில் வேலை: வருமான வரி எந்த மாநிலத்துக்கு?

மாறன், பீடோங்:
வணக்கம். மலேசியாவுல கெடா மாநிலம், பீடோங் பக்கத்துத் தோட்டத்துல அம்மா அப்பாவோட இருக்கேன். போன வருஷம் ஜூலை வரைக்கும் கூலிம் ஃபேக்டரியில வேலை, ஆகஸ்டுல இருந்து பினாங்கு மாநிலத்து பாயான் லெப்பாஸ். விடியறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ் ஏறி பாலம் தாண்டிப் போறேன். நியூ ஜெர்சியில இருக்கிற அக்காவுக்கு வேலை நியூயார்க்ல. ரெண்டு மாநிலத்துக்கும் தனித்தனியா வரிக் கணக்குக் கொடுக்கிறாங்களாம். நானும் கெடாவுக்கு ஒண்ணு, பினாங்குக்கு ஒண்ணு கொடுக்கணுமா? கையில ரெண்டு ஈஏ பாரம் (வருஷச் சம்பளமும் வெட்டின வரியும் காட்டி கம்பெனி கொடுக்கிறது) இருக்கு. முதல் தடவை தாக்கல் பண்றேன்.

கிராணி வீட்டுப் பொண்ணு, சுங்கைப்பட்டாணி:
தம்பி, ஒரே கணக்குதான். நம்ம நாட்டுல வருமான வரி கூட்டரசுக்கு, அதாவது மத்திய அரசுக்குப் போகுது. 1967 வருமான வரிச் சட்டம் எல்லா மாநிலத்துக்கும் ஒண்ணுதான். மாநிலத்துக்குப் போறது நிலவரி மாதிரியானது, உங்க சம்பளத்தை அது தொடாது. அக்கா சொன்னதும் சரி. வேலை பார்த்த இடம்னு நியூயார்க் வரி வாங்கும். குடியிருக்கிற இடம்னு நியூ ஜெர்சி முழு வருமானத்துக்கும் கணக்குக் கேட்டு, நியூயார்க்ல கட்டினதுக்குக் கழிவு கொடுக்கும்.

நீங்க கவனிக்க வேண்டியது அந்த ரெண்டு ஈஏ பாரத்தைத்தான். ரெண்டு சம்பளத்தையும் கூட்டி ஒரே பிஇ பாரத்துல, அதாவது சம்பளக்காரங்க வரிக் கணக்குப் பாரத்துல போடுங்க. நம்ம பிள்ளைங்க பலர் புது கம்பெனியோடதை மட்டும் போட்டுட்டு விட்டுடுறாங்க, எனக்கு அதுதான் கவலை. அடுத்தது டிபி3 பாரம், அந்த வருஷம் பழைய கம்பெனியில வாங்கின சம்பளத்தைச் சொல்றது. வேலை மாறினதும் அதைப் புது கம்பெனிக்குக் கொடுக்கணும். கொடுக்கலன்னா ஜனவரியில இருந்து ஜூலை வரைக்கும் வாங்கின சம்பளம் அவங்களுக்குத் தெரியாது, பிசிபியை (மாசா மாசம் சம்பளத்துல வெட்டுற வரி) குறைச்சலாத்தான் வெட்டுவாங்க. ஜூலை சம்பளச் சீட்டையும் ஆகஸ்ட் சீட்டையும் பக்கத்துல வச்சு பிசிபி எவ்வளவு வெட்டியிருக்காங்கன்னு பாருங்க. சம்பளம் குறையாம வெட்டு மட்டும் இறங்கியிருந்தா, காரணம் அதுவாத்தான் இருக்கும்.

அம்மா அப்பா மருத்துவச் செலவு உங்க கையில இருந்து போச்சுன்னா வரி போடற வருமானத்துல 8,000 வெள்ளி (ரிங்கிட்) வரைக்கும் கழிவு உண்டு. ரசீதுங்களை 7 வருஷம் பத்திரமா வச்சிருங்க.

கூலாய் அம்மா:
எங்க ஜொகூர் பக்கம் நிலைமை வேற. வீட்டுக்காரர் தினம் சிங்கப்பூர் போய் வர்றார். அங்க வருஷத்துல 183 நாள் ஆனா குடியிருப்பாளர் விகிதத்துல வரி, கணக்கு ஏப்ரல் 18-க்குள்ள. அங்க வரி விதிச்ச சம்பளத்தை இங்க கொண்டு வந்தா 2036 கடைசி வரைக்கும் விலக்கு இருக்கு. ஆனா கூலாய் வீட்டுல உட்கார்ந்து கணினியில வேலை பார்த்த நாளுக்கான சம்பளம் மலேசிய வருமானம். ஜொகூர்க்காரங்க இதை விட்டுடாதீங்க.

மாறன், பீடோங்:
நன்றிக்கா. சீட்டைப் பார்த்தேன், பிசிபி பாதிக்கும் கீழ இறங்கியிருக்கு. டிபி3 பத்தி ஆபீஸ்ல யாரும் சொல்லலை. இப்போ கொடுக்கலாமா?

கிராணி வீட்டுப் பொண்ணு, சுங்கைப்பட்டாணி:
போன வருஷத்துக்கு இனிமே அது வேண்டாம் தம்பி. மைடேக்ஸ்ல (வரி வாரியத்தோட இணையத்தளம்) ரெண்டு சம்பளத்தையும், ரெண்டு ஈஏ பாரத்துல இருக்கிற பிசிபி தொகையையும் கூட்டிப் போட்டா இன்னும் கட்ட வேண்டியது எவ்வளவுன்னு அதுவே காட்டும். காகிதத்துல ஏப்ரல் 30, இணையத்துல மே 15 வரைக்கும் நேரம் இருக்கு. பணத்தையும் அதுக்குள்ள கட்டிடுங்க, தாண்டினா கட்ட வேண்டிய தொகையில 10 விழுக்காடு கூடிடும்.