துக்கத்தில் இருக்கும் ஊழியன் ஜெபக்கடிதத்தில் எதை எழுதுவது?

கேள்வி: களத்தூழியன்

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ஒன்பது ஆண்டுகளாக, என் தாய்மொழி அல்லாத ஒரு மொழியைப் பேசும் மக்களிடையே மிஷனெரியாக இருக்கிறேன். முதல் மூன்று ஆண்டுகள் அந்த மொழியைக் கற்பதிலேயே கழிந்தன. அதன்பின் ஞானஸ்நானம் பெற்றவர்கள் ஏழு பேர். அவர்களில் இருவர் இப்போது எங்கள் வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். எண்ணிக்கைக்காக வரவில்லை என்று வந்த நாளிலேயே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்வது எவ்வளவு எளிது என்பது மட்டும் பிறகுதான் தெரிந்தது.

ஐந்து மாதங்களுக்கு முன்பு எங்கள் நான்கு வயது மகள் காய்ச்சல் கண்டு மூன்றே நாளில் மரித்தாள். எங்களை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்குகிறவர்களுக்கு அனுப்பும் ஜெபக்கடிதத்தை அந்த மாதம் நானே எழுதினேன். "கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்" என்ற வசனத்தைத் தலைப்பில் வைத்து, தேவசமாதானம் எங்கள் வீட்டை நிரப்பியிருக்கிறது என்றும், அடக்க ஆராதனைக்கு வந்த அயலவர் பலர் முதன்முறையாகச் சுவிசேஷத்தைக் கேட்டார்கள் என்றும் எழுதினேன். இரண்டாவது செய்தி உண்மை. முதலாவது உண்மையன்று. கடிதத்தை வாசித்த என் மனைவி, "இது எந்த வீட்டைப் பற்றி?" என்று மட்டும் கேட்டாள். அன்றுமுதல் குடும்ப ஜெபத்தில் வந்து அமர்கிறாள், வாய் திறப்பதில்லை. அந்தக் கடிதத்துக்கோ இதுவரை எந்தக் கடிதத்துக்கும் வராத அளவுக்குப் பதில்கள் வந்தன. உங்கள் விசுவாசம் எங்களைப் பலப்படுத்தியது என்று பலர் எழுதியிருந்தார்கள், ஒவ்வொன்றையும் வாசிக்கும்போது எனக்குக் கூச்சமாக இருந்தது.

இப்போது அடுத்த கடிதத்துக்கு நாள் நெருங்குகிறது. தேவன் நல்லவர் என்று வாரந்தோறும் பிறருக்குச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காரும் ஒருவன், தொடர்ந்து பிரசங்கிப்பது மாய்மாலம் ஆகாதா? எங்களைத் தாங்குகிறவர்களிடம் இந்த நிலையை எழுதலாமா, அல்லது அது அவர்களுடைய விசுவாசத்துக்கு இடறலாகுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற ஊழியன்

தம்பி, முதலில் உங்கள் மகளுக்காக வருந்துகிறேன். இதற்குமேல் அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நீங்கள் தலைப்பில் வைத்த வசனத்திலிருந்து தொடங்குகிறேன். யோபு அதைச் சொன்னது முதலாம் அதிகாரத்தில், தம் பிள்ளைகள் இறந்த செய்தி வந்த அதே நாளில். ஏழு நாள் மௌனத்துக்குப் பிறகு மூன்றாம் அதிகாரத்தில் அதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார், அதன்பின் முப்பத்தோராம் அதிகாரம்வரை நியாயம் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம்முடைய அடக்க ஆராதனைகளிலும் ஜெபக்கடிதங்களிலும் முதலாம் அதிகாரம் மட்டுமே வாசிக்கப்படுகிறது. முடிவில் கர்த்தர், தம்மைக் குறித்து நிதானமாய்ப் பேசியவன் யோபுவே என்கிறார். ஒழுங்கான, பக்தியான பதில்களை அடுக்கிய மூன்று நண்பர்கள்மேல்தான் அவருக்குக் கோபம் வருகிறது. நானும் பல ஆண்டுகள் அந்த நண்பர்களின் நடையிலேயே அறிக்கைகள் எழுதினேன் என்பதால் இதைச் சொல்லும் தைரியம் எனக்கு உண்டு.

பர்மாவுக்குப் போன அமெரிக்க மிஷனெரி அதோனிராம் ஜட்சனை நீங்கள் அறிந்திருப்பீர்கள். அவர் 1813-ல் ரங்கூனில் இறங்கினார். முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819-ல். அந்த ஆறு ஆண்டுக் காத்திருப்பை எல்லோரும் பிரசங்கத்தில் சொல்கிறோம். 1824-ல் பிரிட்டிஷாருக்கும் பர்மாவுக்கும் போர் மூண்டபோது அவர் கைதாகி ஏறத்தாழ பதினேழு மாதங்கள் விலங்கோடு கிடந்ததையும் சொல்கிறோம். அதற்குப்பின் நடந்ததைத்தான் விட்டுவிடுகிறோம். 1826 அக்டோபரில் மனைவி ஆன் இறந்தார். ஜட்சன் அப்போது அருகில்கூட இல்லை. ஆறு மாதத்தில் கைக்குழந்தை மரியாவும் போனாள். ஜட்சன் தமக்கு அளிக்கப்பட்டிருந்த கௌரவ டாக்டர் பட்டத்தைத் துறந்தார், தம்மைப் பாராட்டி வந்த கடிதங்களை அழித்தார், காட்டில் ஒரு குடிசைக்கு ஒதுங்கினார், தமக்கென்று ஒரு குழியையும் வெட்டிவைத்து அதன் அருகே உட்கார்ந்திருந்தார். ஆன் இறந்த மூன்றாம் ஆண்டு நினைவுநாளில், தேவனை விசுவாசிக்கிறேன், ஆனால் அவரைக் காண முடியவில்லை என்ற பொருள்பட எழுதினார். அந்த மனிதரேதான் 1834-ல் பர்மிய மொழியில் முழு வேதாகமத்தையும் மொழிபெயர்த்து முடித்தார்.

குழியருகே உட்கார்ந்திருந்த நாள்களில் அவரை யாராவது மாய்மாலக்காரர் என்றிருந்தால் அது தவறு என்று நமக்கு உடனே தெரிகிறது. உங்களைப் பற்றி நீங்களே அப்படிச் சொல்லும்போது மட்டும் ஏன் தெரிவதில்லை? மாய்மாலம் என்பது இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவது. பிரசங்க மேடையில் நீங்கள் அதைச் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கடிதத்தில் ஒரு வரியில் செய்துவிட்டீர்கள், அந்த ஒரு வரியை உங்கள் மனைவி கண்டுகொண்டார்.

பதில்: சபைப் பொருளாளர்

ஐயா, நான் மறுபக்கத்தில் இருப்பவன். எங்கள் சபை தாங்கும் மிஷனெரிகளின் கடிதங்களை மாதந்தோறும் வாசித்து, ஜெபக்கூட்டத்தில் அறிவிப்பவன். உங்கள் அச்சத்துக்கு நாங்களும் காரணம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு கடிதங்கள் வந்தால், எத்தனை பேர் இரட்சிக்கப்பட்டார்கள் என்ற எண் இருக்கிற கடிதத்தைத்தான் முதலில் வாசிக்கிறோம். "இம்மாதம் குறிப்பிடத்தக்கதாக ஒன்றும் நிகழவில்லை, சோர்ந்திருக்கிறோம்" என்று ஒருவர் எழுதினால், களத்தில் ஏதோ பிரச்சினை என்று குழுவில் பேச்சு எழுகிறது, சில வேளை காணிக்கையைப் பற்றியும் பேச்சு வருகிறது. இது தெரிந்தால் எந்த ஊழியர் உண்மையை எழுதுவார்?

ஆனால் ஒரு முறை ஒரு மிஷனெரி, தாம் ஜெபிக்க முடியாத நிலையில் இருப்பதாகவும், தமக்குப் பதிலாக ஒரு மாதம் எங்களை ஜெபிக்கும்படியும் நான்கே வரிகளில் எழுதியிருந்தார். அதை வாசித்தபோது கூட்டத்தில் இருந்த மூத்த சகோதரி ஒருவர் எழுந்து, தம் மகன் இறந்து பதினோரு ஆண்டுகளாகத் தாம் பாட்டுகளின் போது உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அதுவரை நாங்கள் யாரும் அதை அறியவில்லை. அன்று நாங்கள் ஜெபித்ததைப்போல அதற்கு முன் ஜெபித்ததாக எனக்கு நினைவில்லை. இடறல் உண்டாகுமோ என்று கேட்டிருந்தீர்கள். எங்கள் அனுபவத்தில் எங்களை இடறச் செய்தவை, சில ஆண்டுகளுக்குப் பிறகு பொய்யென்று தெரியவந்த வெற்றி அறிக்கைகள்தான்.

பதில்: வசனமே போதும்

மேலே எழுதியவர்களோடு நான் முழுவதும் உடன்படவில்லை. சகோதரரே, உங்கள் துக்கத்தை நான் இலேசாக எண்ணவில்லை. ஆனால் சுவிசேஷம் என்பது பிரசங்கியின் மனநிலையைப் பற்றிய செய்தி அன்று. சிலுவையில் நடந்தது நடந்தாயிற்று. அதை நான் மகிழ்ச்சியோடு சொன்னாலும் கண்ணீரோடு சொன்னாலும் அது மாறுவதில்லை. உணர்வு திரும்பும்வரை பிரசங்கிக்கமாட்டேன் என்று ஒவ்வொரு ஊழியனும் தீர்மானித்தால் பாதிக் களங்கள் மூடப்பட்டுவிடும். தாம் பிழைப்போம் என்ற நம்பிக்கையே அற்றுப்போகத்தக்க வருத்தம் ஆசியாவில் தமக்கு நேர்ந்தது என்று கொரிந்தியருக்கு எழுதுகிற பவுல், அதற்காகப் பிரசங்கத்தை நிறுத்தியதாக எங்கும் எழுதவில்லை. அதே நிருபத்தில் "விசுவாசித்தேன், ஆகையால் பேசினேன்" என்ற சங்கீத வசனத்தை அவர் எடுத்துக்காட்டுகிறார். அந்த 116-ஆம் சங்கீதத்தைத் திறந்து பாருங்கள். அவ்வசனத்தின் மறுபாதி, "நான் மிகவும் வருத்தப்பட்டேன்" என்பது.

ஜெபக்கடிதத்தைப் பாவ அறிக்கையாக ஆக்குவதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. நூற்றுக்கணக்கானோர் கைக்குப் போகும் தாளில் மனைவியின் மௌனத்தை எழுதுவது அவருக்குச் செய்யும் நியாயம் ஆகாது. நெருங்கிய மூன்று நான்கு பேருக்குத் தனியாக எழுதுங்கள். பொதுக் கடிதத்தில் பொய் இல்லாமல் இருந்தால் போதும், எல்லா உண்மையும் இருக்கவேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கடினமாகத் தோன்றினால் மன்னியுங்கள். மகளின் அடக்க ஆராதனையில் பலர் சுவிசேஷம் கேட்டார்கள் என்பதை ஊழியப் பலனாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அவள் மரணத்துக்கு உடனடியாக ஒரு பயன் கண்டுபிடித்துக் கணக்கில் எழுதும் அவசரம் நமக்கு ஏன்? பலனைப் பார்க்கும் பொறுப்பு நமக்குக் கொடுக்கப்படவில்லை. "நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்" என்பதில் முதல் இரண்டுதான் நம் வேலை. முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அந்த இருவரையும் இதோடு சேர்த்தே பாருங்கள். மிஷனெரி டேவிட் லிவிங்ஸ்டன் ஆப்பிரிக்காவில் ஞானஸ்நானம் கொடுத்த இனக்குழுத் தலைவர் செச்செலே. அது 1848-ல். சில மாதங்களில் செச்செலே தாம் விலக்கிவைத்த மனைவியரில் ஒருவரோடு மீண்டும் கூடினார் என்று தெரிந்து லிவிங்ஸ்டன் மனமுடைந்தார், அவரைத் திருவிருந்திலிருந்து விலக்கினார், பின்னர் அவ்விடம் விட்டே போய்விட்டார். செச்செலேயோ தம் மக்களுக்குத் தாமே வேதம் வாசித்துப் பிரசங்கித்துக்கொண்டே இருந்தார். லிவிங்ஸ்டன் விட்டுப்போனபோதும் அது நின்றுவிடவில்லை.

பதில்: ஊழியரின் மனைவி

வசனமே போதும் என்ற பெயரில் எழுதிய சகோதரர் என் மனத்திலிருந்த ஒன்றைச் சொல்லிவிட்டார்: அந்த மனைவியின் மௌனம் அவருக்குரியது. ஆனாலும் இங்கே எழுதிய மூவரும் கடிதத்தைப் பற்றியும் பிரசங்கத்தைப் பற்றியும் பேசுகிறார்களே தவிர, ஜெபத்தில் வாய் திறவாமல் உட்கார்ந்திருக்கும் அந்தத் தாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

மிஷனெரி வில்லியம் கேரியை நாம் எல்லோரும் கொண்டாடுகிறோம். அவர் 1793-ல் வங்காளத்துக்கு வந்தார், மறு ஆண்டே ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தான். அவர் மனைவி டாரதி அதன்பின் மனம் பேதலித்து, 1807-ல் இறக்கும்வரை அந்நிலையிலேயே வாழ்ந்தார். கேரி பக்கத்து அறையில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். இதைச் சொல்லும் பிரசங்கிகள் பெரும்பாலும் கேரியின் விடாமுயற்சியைப் புகழ்வதற்காகவே சொல்கிறார்கள். எனக்கு அந்த இடத்தில் அடுத்த அறைதான் நினைவில் நிற்கிறது. டாரதிக்குக் கடல் கடந்து வரும் விருப்பமே முதலில் இருக்கவில்லை. கேரியின் காலத்தில் மனநோய்க்கு இன்றுள்ளதுபோன்ற மருத்துவம் இல்லை; இன்று அதை அறிந்தவர்கள் இருக்கிறார்கள், விசுவாசமுள்ள மனநல ஆலோசகர்களும் இருக்கிறார்கள். உங்கள் மனைவியை அவர்களிடம் அழைத்துச் செல்வது விசுவாசக் குறைவு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

சகோதரரே, சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு "போதும் கர்த்தாவே" என்ற எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது போதனை அன்று, அப்பமும் தண்ணீரும். அதுவும் இரண்டு முறை, இடையில் தூக்கம். உங்கள் ஸ்தாபனத்திடம் விடுப்பு கேளுங்கள். ஒருவேளை மறுத்தால் மீண்டும் கேளுங்கள். அடுத்த கடிதத்தை அனுப்பும் முன் உங்கள் மனைவியிடம் காட்டி, எந்த வரி இருக்கலாம், எந்த வரி கூடாது என்று அவரே சொல்லட்டும். குடும்ப ஜெபத்தில் அவரை ஜெபிக்கச் சொல்லாதீர்கள். 88-ஆம் சங்கீதத்தை வாசித்துவிட்டு நிறுத்துங்கள். இருளோடு முடிகிற ஒரே சங்கீதம் என்று நான் அதை நினைத்துக்கொள்வேன். அதற்கு விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள்.

மறுபதில்: களத்தூழியன்

எழுதிய எல்லோருக்கும் நன்றி. பதில்களை அச்செடுத்து மேசைமேல் வைத்திருந்தேன். மனைவியிடம் வாசி என்று சொல்லவில்லை, அவள் வாசித்திருக்கிறாள். ஐயா சொன்ன யோபுவின் மூன்றாம் அதிகாரத்தை நேற்று இரவு வாசித்தோம். அக்கா சொன்னபடி 88-ஆம் சங்கீதத்தையும் வாசித்துவிட்டு நிறுத்தினேன். ஜெபம் இல்லை. பத்து நிமிடம் போல அமர்ந்திருந்தோம், பிறகு அவள் மகளின் சட்டைகளை எங்கே வைத்திருக்கிறாள் என்று சொன்னாள். ஐந்து மாதத்தில் முதன்முறையாக மகளைப் பற்றிப் பேசினோம்.

விடுப்புக்கு விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். பிரசங்கத்தை நிறுத்தவில்லை, ஆனால் அடுத்த இரண்டு மாதங்களுக்கு எங்களோடு இருக்கும் ஐவரில் மூத்தவரான விசுவாசி ஒருவர் என்னோடு மாறிமாறிச் செய்தி கொடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். இதை நான் எப்போதோ செய்திருக்க வேண்டும் என்பது அவர் பேசியபோதுதான் புரிந்தது. அவர் தம் மொழியில் சொல்லும்போது, நான் ஒன்பது ஆண்டாகத் தேடிய சொற்கள் அவருக்குச் சாதாரணமாக வந்தன.

ஜெபக்கடிதத்தின் வரைவையும் அவளிடம் கொடுத்தேன். முந்தைய கடிதத்தில் தேவசமாதானத்தைப் பற்றி எழுதியது அப்போது எங்களுக்கு உண்மையாக இருக்கவில்லை என்று முதல் பத்தியில் எழுதியிருந்தேன். அதை அப்படியே விட்டுவிட்டாள். "என் மனைவி மிகவும் சோர்ந்திருக்கிறாள்" என்ற வரியை அடித்துவிட்டு, மேலே பென்சிலால் "நாங்கள்" என்று எழுதியிருக்கிறாள்.